அடிவயிற்றில் நீலம் பூசிய லொறி

“குவைத்துல பாத்திரம் தேச்சு வாங்குன லொறிடி இராஜி. அது மேல இப்ப பொலிஸ்காரன் கோழி ஏறி ஒக்காந்திருக்கு.”

மழையானாலும் பனியானாலும் காலையில் என் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஐரினக்கா அந்த நாட்களில் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். அவர் வாங்கில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியை எடுத்துக் குடித்துவிட்டு, கோழியின் கதையைத் தொடங்குவார். ஒரு நாள் கோழி கூரையில். ஒரு நாள் பொனட்டில். பிறகு ஒரு நாள் டிரைவர் சீட்டிலேயே முட்டை போட்டுவிட்டது என்றார்.

“முட்டைய யாரு எடுத்தா?” என்று கேட்டேன்.

“பொலிஸ்காரன்தான். லொறி என்னுது, முட்டை அவனுக்கு. இது எந்த ஊரு நியாயம்?”

லொறி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு குடும்பத்தின் கட்டில், அலுமாரி, நாலு கதிரை, ஒரு கேஸ் அடுப்பு ஏற்றினால் நிறைந்துவிடும் சின்ன பட்டா லொறி. சிவப்பு நிறம். அம்பிட்டிய பக்கம் எங்கள் லேன் ஏற்றத்தில் அது முனகிக்கொண்டு ஏறுகிற சத்தத்தை வைத்தே வின்சன்ட் அண்ணன் சாப்பிட வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

வின்சன்ட் அண்ணன் ஐரினக்காவின் கணவர். லொறி ஓட்டுவது அவர். ஆனால் லொறி அக்காவின் பெயரில். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு குவைத்துக்குப் போய், அடுத்தவர் வீட்டுச் சமையலறையிலேயே இளமையைக் கழித்துவிட்டு வந்தவர் அக்கா. கூடப் போனவர்கள் ஊருக்கு வந்து பல்கனி வைத்து வீடு கட்டினார்கள். “பல்கனியில நின்னு என்ன பண்றது? அது ஓடுமா?” என்று கேட்டுவிட்டு அக்கா லொறி வாங்கினார். லொறி ஓடுகிற வரைக்கும் தான் திரும்ப வெளிநாடு போகத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. “இனி சாகும் வரைக்கும் என் சொந்தப் பாத்திரத்த மட்டுந்தான் தேய்ப்பேன்” என்று லேன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அக்காவுக்கு லொறி ஓட்டத் தெரியாது. அதற்காகச் சும்மா இருப்பவர் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால், வின்சன்ட் அண்ணனைவிட அதிகமாக பிரேக் போடுவது அவர்தான். காலால் தரையை மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து றப்பர் விரிப்பு தேய்ந்தே போய்விட்டது.

வின்சன்ட் அண்ணனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். அவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. யார் எதை ஏற்றச் சொன்னாலும் ஏற்றுவார். கோயில் திருநாளுக்குக் கதிரை, கல்யாண வீட்டுக்கு அண்டா, ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரரின் மாமியாரைக்கூட, நடக்க முடியவில்லை என்று, கதிரையோடு பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

பிலிமத்தலாவையில் வீடு கட்டுகிற அன்ட்ரூ, வின்சன்ட் அண்ணனுடைய சித்தப்பா மகன். மகள் கல்யாணத்துக்குக் கட்டில் செய்யவென்று அலவத்துகொடப் பக்கம் யாரிடமோ பலாப் பலகை வாங்கியிருந்தார். பலா மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் பர்மிட் வேண்டும் என்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

“பர்மிட் இருக்கா தம்பி?” என்று கேட்டிருக்கிறார்.

“வீட்டு அலுமாரியில இருக்குண்ணே” என்று அன்ட்ரூ சொல்லியிருக்கிறார்.

அலுமாரியில் இருக்கிற பர்மிட்டை யார் பார்ப்பது? கட்டுகஸ்தோட்டைக்கு முன்னாலேயே பொலிஸ் மறித்துவிட்டது. பிறகு தெரிந்தது, அலுமாரியிலும் பர்மிட் இல்லை, எடுப்பதற்கு விண்ணப்பம் மட்டும்தான் போட்டிருந்தது. பலகை, அன்ட்ரூ, அண்ணன், லொறி எல்லாம் ஒன்றாகப் பொலிசுக்குப் போயின. ஆட்கள் இரண்டு பேரும் பிணையில் வந்துவிட்டார்கள். லொறி வரவில்லை.

“மனுஷன் வந்துட்டாருல்ல அக்கா. அதுக்குச் சந்தோஷப்படுங்க” என்றேன்.

“மனுஷன வச்சு நான் அலுமாரியா ஏத்துறது?” என்றார். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். பாவம், தலையைக் குனிந்துகொண்டு பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அமைந்த சட்டத்தரணி மஹ்மூத். சாந்தமான ஆள். வழக்கு முடியும் வரைக்கும் லொறி பொலிஸ் முற்றத்தில் கிடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொந்தக்காரி கேட்டால் நிபந்தனைகளோடு நீதிமன்றம் விடுவிக்கலாம், லொறியை அரசு எடுக்குமா உங்களிடமே விடுமா என்பது வழக்கு முடியும்போதுதான் தெரியும் என்று அவர் விளக்கிச் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, “அது வரைக்கும் கோழிய எறக்கணும் சேர், அவ்வளவுதான்” என்றார்.

மனு போட்டார்கள். விசாரணைக்கு முந்திய நாள் அக்கா என்னையும் மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் கதிர்காமத்தானைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கு ஆபத்து என்றால் எந்தச் சாமிக்கு மெழுகுதிரி வாங்குவது என்று பார்ப்பதில்லை. அக்கா மாதா சிலைக்கு முன்னால் முழங்காலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் வேண்டினார். மெதுவாகப் பேச அவருக்கு வராது.

“தாயே, லொறி வெளிய வந்துச்சுன்னா அதுக்கு ஒங்க சேலையோட நீலத்த அடிக்கிறேன். திருநாளுக்கு முன்னாடி அடிக்கிறேன். ஒரு வெரல் எடம் விடாம அடிக்கிறேன்.”

அவர் வாயைப் பொத்தலாமா என்று எனக்கு அப்போதே தோன்றியது. பத்து மெழுகுதிரி, ஒரு பூமாலை என்று நின்றிருக்கக் கூடாதா?

லொறி கிடைத்தது. நீதவான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அக்கா அழுதுகொண்டிருந்ததில் பாதியைக் கேட்கவில்லை. அதனால் மஹ்மூத் சேர் வராந்தாவில் நிறுத்தி வைத்து மறுபடியும் சொன்னார்.

“விக்க ஏலாது. அடகு வைக்க ஏலாது. வேற ஆளுட பேருக்கு மாத்த ஏலாது. எஞ்சின் மாத்த ஏலாது. கலர், ஷேப் ஒண்டுமே மாத்த ஏலாது. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் லொறியக் கொண்டுவந்து காட்டோணும். இதுல ஒண்டு பிழைச்சாலும் லொறி திரும்ப உள்ளுக்குப் போகும். பொறகு என்னால எடுக்க ஏலாது. வெளங்கினதா?”

அக்காவின் முகம் ‘கலர்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

“சேர், கழுவலாமா?”

“கழுவலாம்.”

“கழுவும்போது கொஞ்சம் கலரு மாறுனா?”

“என்ன கலருக்கு?”

“நீலத்துக்கு.”

மஹ்மூத் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சகோதரி, எந்தத் தண்ணியில கழுவினாலும் சிவப்பு லொறி நீலமாகாது. வேலைய மட்டும் பாருங்க.”

பிணைக்கு ஆள் வேண்டியிருந்தது. மாநகரசபையில் கிளார்க்காக இருக்கிற என் வீட்டுக்காரர் தியாகராஜா கையெழுத்துப் போட்டார். நான்தான் போடச் சொன்னேன். “லொறிக்கு ஏதாச்சும் ஆனா என்னையுந்தான் கேப்பாங்க, தெரியுமா?” என்றார். “ஐரினக்கா அப்பிடி என்னாங்க செய்யப் போறாங்க?” என்றேன். ஆளைத் தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னேன் பாருங்கள்.

லொறி வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்கா தூங்கவில்லை. மாதா திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாதரிடம் போனார். நானும் போனேன்.

“வழக்கு முடியட்டும் ஐரின். அதுக்கப்புறம் அடிங்க. மாதா கோவிக்க மாட்டாங்க” என்றார் பாதர்.

“அவங்க கோவிக்க மாட்டாங்க பாதர். ஆனா நான் திருநாளுக்கு முன்னாடின்னு வாய் விட்டுச் சொல்லிட்டேனே. குடுக்க வேண்டியவங்க குடுத்துட்டாங்க. நான் தவண கேட்டா நல்லாவா இருக்கும்? கோட்டுலதான் தவண கேப்பாங்க.”

பாதர் சிரித்துவிட்டார். அங்கேதான் பிழை நடந்தது. பெரிய ஆட்கள் சிரித்தால் அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

இதற்குப் பிறகு நடந்ததை நபீல் வாயால் பின்னால்தான் கேட்டேன். நபீலுக்குக் கட்டுகஸ்தோட்டை வீதியில் சின்ன கராஜ். லொறியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது எல்லாரும் செய்கிற வேலைதான். அக்கா அண்ணனையும் லொறியையும் அழைத்துக்கொண்டு போய், அடியில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றாராம். சரி என்றானாம். நீலம் வேண்டும் என்றாராம்.

“அக்கா, அடியில யாரும் நீலம் அடிக்கிறல்ல. யாரு பாக்கப் போற?”

“பாக்க வேண்டியவங்க பாப்பாங்க. நீ அடி.”

லொறி நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டது என்பதைப் பற்றி அக்கா மூச்சுவிடவில்லை. அண்ணனும் வாய் திறக்கவில்லை. அவர் எப்போது திறந்தார்? மேல்பக்கம்தானே நிறம் மாறக்கூடாது, அடிப்பக்கத்தை நீதவானா குனிந்து பார்க்கப் போகிறார் என்பது அக்காவின் யோசனை. நீதிமன்றத்துக்கு மேல்பக்கம், மாதாவுக்கு அடிப்பக்கம். இரண்டு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாயிற்று.

அதோடு நின்றிருந்தாலும் தப்பியிருக்கலாம். நபீல் வேலை தெரிந்தவன். சேசிஸில் வெட்டியிருக்கிற இலக்கத்தின் மேல் பெயின்ட் படக்கூடாது என்று டேப் ஒட்டி வைத்திருந்தான். அக்கா குனிந்து பார்த்துவிட்டார்.

“இது என்னா, இங்க எடம் விட்டிருக்க?”

“அது சேசிஸ் நம்பர் அக்கா. அதுல அடிக்கக் கூடாது.”

“ஒரு வெரல் எடம் விடாம அடிக்கிறேன்னு சொல்லியிருக்கேன் தம்பி. டேப்பு மட்டுமே ஆறு வெரல் இருக்கு. எடு அத.”

“பொறகு வாசிக்க ஏலாது அக்கா.”

“அந்த நம்பரு மாதாவுக்குத் தெரியும்.”

நபீல் இரண்டு தடவை மறுத்திருக்கிறான். மூன்றாவது தடவை அக்கா தானே டேப்பை உரித்துவிட்டார். பிரஷ்ஷையும் அவனிடம் இருந்து வாங்கி, படுத்துக்கொண்டு, அந்த இடத்தைத் தன் கையாலேயே நல்ல தடிப்பாகப் பூசினார். திருநாளுக்கு லொறி ஆலய முற்றத்தில் நின்றபோது பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அக்கா அவரிடம், “அடியிலயும் கொஞ்சம் தெளிங்க பாதர்” என்றார். பாதருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

தவணை வந்தது. வீட்டுக்காரர் அரைநாள் லீவு போட்டார். நானும் அக்காவோடு போனேன். அண்ணன் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு லொறியை நீதிமன்றத்து முற்றத்தில் நிறுத்தினார். மழை கழுவி விட்டதில், சிவப்பு சிவப்பாகவே பளபளவென்று நின்றது.

பொலிஸ் அதிகாரி ஒருவர் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் சரி. பின்பக்கம் சரி. எஞ்சின் இலக்கம் சரி. நான் மூச்சுவிட்டேன். அக்கா விடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி சேசிஸ் இலக்கம் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இன்னும் குனிந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலில் இருந்து உள்ளே தலையை விட்டார். வெளியே வந்தபோது அவருடைய முகம் வேறு முகம்.

“லொறி யாருடையது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அடியில் பெயின்ட், அதுவும் இலக்கத்தின் மேல் தடிப்பாக. வேறு யாராவது செய்திருந்தால் என்ன அர்த்தம்? லொறியை மாற்றிவிட்டார்கள், அல்லது மாற்றப் பார்க்கிறார்கள். அதிகாரி அப்படித்தான் நீதவானிடம் அறிக்கை சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மஹ்மூத் சேரைப் பார்த்தேன்.

மஹ்மூத் சேர் அக்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “என்ன செஞ்சீங்க?”

“மேல அடிக்கல சேர்.”

“அடியில?”

“அடிய பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

சட்டத்தரணி தன் சொந்தக் கட்சிக்காரியிடம் கைகூப்பி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

நீதவான் லொறியைத் திரும்பப் பொலிசுக்கு அனுப்ப யோசிக்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், அக்காவின் முகத்தில் இருந்த வீறாப்பு எல்லாம் போய்விட்டது. ஐரினக்கா அழுது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது அவர் அழாமல் நின்றார். லொறி போனால் அவர் எங்கே போவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மஹ்மூத் சேர் எழுந்து, சொந்தக்காரியே விளக்கம் சொல்ல அனுமதி கேட்டார். அக்கா சொன்னார். குவைத்தில் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் ஓடி ஓடிப் பிடித்தார். கோழி, முட்டை, மாதா, ஒரு விரல் இடம், நபீலின் டேப் எல்லாம் சிங்களத்தில் போய்ச் சேர்ந்தன. நீதிமன்றத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நீதவான் சிரிக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். “இலக்கத்தின் மேல் பூசியது யார்?”

மொழிபெயர்ப்பாளர் முடிக்கும் முன்னே அக்கா சொன்னார். “நான்தான் ஐயா. அந்தப் பையன் வேணாம்னான். என் வீட்டுக்காரருக்கு அடியில என்னா நடந்துச்சுன்னே தெரியாது. அவருக்கு மேல நடக்கிறதே தெரியாது.”

பெயின்டை எல்லார் முன்னாலும் எடுத்துப் பார்க்கும்படி நீதவான் சொன்னார். யாரோ தின்னர் வாங்கி வந்தார்கள். அண்ணன் வெள்ளைச் சேர்ட்டோடு லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தேய்க்கத் தேய்க்க நீலம் அவருடைய கழுத்தில் வடிந்தது. பொலிஸ் அதிகாரி பக்கத்தில் குந்திக்கொண்டு டோர்ச் அடித்தார். ஒவ்வொரு இலக்கமாக வெளியே வர, அவர் சத்தமாக வாசித்தார். இன்னொருவர் பழைய அறிக்கையைப் பார்த்து, சரி என்பதற்கு “ஹரி” என்றார். அக்கா ஒவ்வொரு ‘ஹரி’க்கும் சிலுவை போட்டார். நான் முருகா என்றேன். கடைசி இலக்கத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அண்ணன் நகத்தால் சுரண்டினார்.

“ஹரி.”

அப்போதுதான் அக்கா அழுதார்.

லொறியை மறுபடியும் கொடுத்தார்கள். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அக்காவே லொறியோடு பொலிசுக்குப் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். வழக்கு முடியும் வரைக்கும் எந்தப் பக்கமும், மேலோ கீழோ உள்ளோ, எதுவும் பூசக்கூடாது. “மேல், கீழ், உள்” என்று மூன்றையும் நீதவான் மொழிபெயர்ப்பாளரைத் தனித்தனியாகச் சொல்லவைத்தார். ஆளைச் சரியாக அளந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் வின்சன்ட் அண்ணன் அன்று முதல் தடவையாக ஒரு வார்த்தை சொன்னார். “இனி நேந்துக்கிறதுன்னா மெழுகுதிரியோட நில்லு ஐரின்.”

“நீங்க இனி முடியாதுன்னு ஒரு தடவ சொல்லிப் பழகுங்க. அப்ப நான் நேந்துக்கவே தேவையில்ல.”

அண்ணன் கியரை மாற்றினார், லொறி முனகிக்கொண்டு லேன் ஏற்றத்தில் ஏறியது.

வழக்கு இன்னும் முடியவில்லை. அன்ட்ரூ மகளுக்குக் கடையில் இரும்புக் கட்டில் வாங்கிக் கொடுத்தார். லொறி ஓடலாம், ஓடுவதற்குத் தடை இல்லை. ஆனால் வாடகை ஹயர் அவ்வளவாக வருவதில்லை. நீதிமன்ற லொறி என்று பேர் கட்டிவிட்டார்கள். “அதுல நம்ம சாமான ஏத்துனா நம்ம கட்டிலையும் பொலிஸ்ல வச்சிருவாங்க” என்று எங்கள் லேனிலேயே ஒருத்தி சொன்னாள். அவள் வீடு மாறியபோது வேறு லொறி பிடித்தாள். அந்த லொறிக்காரன் அவளுடைய அலுமாரிக் கண்ணாடியை உடைத்தான். எனக்குச் சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன கிழமை அக்கா பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். “சும்மாதான் எடுத்தேன்” என்றார். சும்மா யாரும் பாஸ்போர்ட் படம் எடுப்பதில்லை. இந்த வயதில், அந்த முழங்காலோடு, குவைத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போகிறார்?

அதனால்தான் இதை எழுதினேன். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு மாறுகிறவர்கள், கடைக்குச் சாமான் இறக்குகிறவர்கள், திருநாளுக்குக் கதிரை கொண்டுபோகிறவர்கள் இருந்தால், காலையில் குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் சிவப்பு பட்டா லொறி ஒன்று நிற்கும். முன் சீட்டில் வின்சன்ட் அண்ணனுக்குப் பக்கத்தில் ஐரினக்கா உட்கார்ந்திருப்பார். இப்போது கிடைக்கிற ஒன்றிரண்டு ஹயருக்கும் அவரும் போகிறார். நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்ப்பார், கட்டிலைப் பார்த்தால் என்ன மரம் என்று கேட்பார், மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்ப்பார். கோபிக்க வேண்டாம். உங்கள் சாமான் பத்திரமாகப் போகும். ஹயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு எட்டுப் போய், அக்கா எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, கொஞ்சம் பேசிவிட்டு வாருங்கள். அவரைப் போய்ப் பாருங்கள்.